தூக்குத் தண்டனைக் கைதிகளும் நம்முடைய பங்குகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு, கல்முனை, அம்பாறைப் பக்கத்துக் கத்தோலிக்கப் பங்குகளில் மரண தண்டனை பற்றிக் கதை வந்தால் திரும்பத் திரும்ப வருகிற கேள்விகள் இவை. நான் குருவும் இல்லை, சட்டத்தரணியும் இல்லை. மறியலில், அதாவது சிறையில், இருக்கிறவர்களைப் பார்க்கப் போகிற ஒரு பொதுநிலையாள், அவ்வளவுதான். பதில்களில் என்னுடைய அபிப்பிராயமும் கலந்திருக்கும். பிடிக்காவிட்டால் உங்கள் பாதரிடமும் கேட்டுப் பாருங்கள்.

இலங்கையில்தான் ஒருவரையும் தூக்கில் போடுவதில்லையே, பிறகு எதற்கு இந்தக் கவலை?

கடைசியாகத் தூக்கு நடந்தது 1976 ஜூன் 23இல். அது சரி. ஆனால் தீர்ப்பு நிற்கவில்லை. தண்டனைச் சட்டக்கோவை 296ஆம் பிரிவின்படி கொலை நிரூபணமானால் மேல் நீதிமன்ற நீதிபதிக்கு வேறு வழியே கிடையாது, மரண தண்டனைதான். 2 கிராம் ஹெரோயின் பிடிபட்டாலும் மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை என்று 1984இல் சட்டம் மாறியது. அப்படித் தீர்ப்புப் பெற்று ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் உள்ளே இருக்கிறார்கள். எங்கள் மட்டக்களப்பு, கல்முனை மேல் நீதிமன்றங்களில் தீர்ப்பு வாசிக்கும்போது பின்னால் வாங்கில் இருந்து கேட்கிற தாய்க்கு 1976ஆம் ஆண்டுக் கணக்கைச் சொல்லி ஆறுதல்படுத்த முடியாது. அவளுக்குக் கேட்பது “சாகும்வரை தூக்கில்” என்கிற சொற்கள் மட்டும்தான்.

இன்னொன்று. நிறுத்தி வைப்பது வேறு, ஒழிப்பது வேறு. பண்டாரநாயக்க 1956இல் ஆட்சிக்கு வந்ததும் தூக்கை நிறுத்தினார்கள். 1959 செப்டம்பரில் அவரே சுடப்பட்டு இறந்தார், உடனே அந்த நிறுத்தத்தை நீக்கினார்கள், சுட்ட சோமாராம 1962 ஜூலை 6இல் தூக்கில் போடப்பட்டார். 2004இல் மேல் நீதிமன்ற நீதிபதி சரத் அம்பேபிட்டிய கொல்லப்பட்டபோதும் தூக்கைத் திரும்பக் கொண்டுவருவதாக அறிவித்தார்கள். 2019இல் அலுகோசு (தூக்கில் போடுகிறவர்) வேலைக்குப் பத்திரிகையில் விளம்பரமே வந்தது, ஜூன் 26இல் நான்கு பேருக்கான ஆணையில் கையெழுத்து வைத்துவிட்டதாக ஜனாதிபதி சிறிசேன சொன்னார். ஜூலை 5இல் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டதால்தான் அது நடக்கவில்லை. அந்த நான்கு பேர் யார் என்று பெயர் வெளியிடப்படவில்லை, அதாவது போதைப்பொருள் வழக்கில் தீர்ப்புப் பெற்றிருந்த ஒவ்வொருவரும் அது தானாக இருக்குமோ என்று யோசித்துக்கொண்டுதான் அந்த நாட்களைக் கழித்திருப்பார். அப்போதைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க கையெழுத்து வைக்க மாட்டார் என்று 2022 ஆகஸ்டில் சட்டமா அதிபர் உயர் நீதிமன்றத்துக்குச் சொன்னார், நல்லது. ஆனால் அது ஒரு ஜனாதிபதியின் சொல். சட்டம் அப்படியேதான் கிடக்கிறது.

திருச்சபையே ஒரு காலத்தில் ஆட்களைத் தூக்கில் போட்டதுதானே?

போட்டது. ஒளிக்க ஒன்றுமில்லை. பாப்பரசர் நேரடியாக ஆண்ட நாடுகளில் புகாத்தி என்கிற ஒரே அலுகோசு 1796 முதல் 1864 வரை 516 பேரின் தண்டனையை நிறைவேற்றியதாகக் கணக்கு இருக்கிறது. வத்திக்கான் தன்னுடைய சட்டத்திலிருந்து மரண தண்டனையை எடுத்தது 1969இல்தான். 1995இல் இரண்டாம் அருள் சின்னப்பர், சமூகத்தைக் காப்பாற்ற வேறு வழியே இல்லாத நேரத்தில் மட்டும் என்று சொல்லி, அப்படியான நேரம் இன்றைக்கு அநேகமாக இல்லை என்றும் சொன்னார். 2018 ஆகஸ்ட் 2இல் பாப்பரசர் பிரான்சிஸ் மறைக்கல்வி நூலின் 2267ஆம் எண்ணை மாற்றி, மரண தண்டனை ஏற்றுக்கொள்ள முடியாதது, மனித மாண்பின் மீதான தாக்குதல், உலகம் முழுக்க அதை ஒழிக்கத் திருச்சபை உறுதியாக உழைக்கும் என்று வெளியிட்டார்.

இதில் எங்கள் நாட்டுக் கதையும் ஒன்று உண்டு. அதற்கு முந்திய மாதம்தான், சிறைக்குள் இருந்துகொண்டே போதைப்பொருள் வியாபாரம் நடத்துகிறவர்களைத் தூக்கில் போடுவோம் என்ற ஜனாதிபதியின் முடிவுக்குக் கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆதரவாகப் பேசி, பிறகு அதற்கு விளக்கம் கொடுக்க வேண்டி வந்தது. ஆகவே “கத்தோலிக்கன் என்றால் எப்போதும் எதிர்ப்புத்தான்” என்று கூட்டங்களில் பெருமை பேசுகிறவர்கள் கொஞ்சம் அடக்கி வாசித்தால் நல்லது. நாங்களும் மெல்ல மெல்லத்தான் இங்கே வந்து சேர்ந்தோம்.

எங்கள் ஆட்களைக் கொன்றவர்களுக்கும் இதே கருணைதானா?

மட்டக்களப்பில் யாராவது இதைக் கேட்காவிட்டால்தான் ஆச்சரியம். 2005 நத்தார் நள்ளிரவுப் பூசையில், புளியந்தீவு மரியாள் பேராலயத்துக்குள்ளேயே பாராளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் சுட்டுக் கொல்லப்பட்டார். சந்தேகத்தில் பிடிபட்டவர்கள் 2021இல் வெளியே வந்துவிட்டார்கள், இன்றைக்கு வரை ஒருவருக்கும் தண்டனை இல்லை. 2019 உயிர்த்த ஞாயிறு அன்று சீயோன் ஆலயத்தில் குண்டு வெடித்து இறந்த முப்பதுக்கும் மேற்பட்டவர்களில் பலர் சின்னப் பிள்ளைகள். இந்த ஊரில் நின்றுகொண்டு “மன்னியுங்கள்” என்று லேசாகச் சொல்லிவிட்டுப் போகிறவரைச் சனம் நம்பாது, நம்பவும் கூடாது.

நான் சொல்கிற பதில் இதுதான். எங்களுக்குக் கிடைக்காமல் போனது தூக்கு இல்லை, நீதி. விசாரணை, சாட்சி, குற்றவாளி இவர்தான் என்று ஒரு நீதிமன்றம் எழுதி வைப்பது, அதற்குப் பிறகு அவர் உண்மையாகவே உள்ளே இருப்பது. இதில் ஒன்றுக்கும் அலுகோசு தேவையில்லை. யாழ்ப்பாணத்து மிருசுவிலைப் பாருங்கள். 2000 டிசம்பரில் சின்னப் பிள்ளை உட்பட எட்டுத் தமிழர்கள் கொல்லப்பட்ட வழக்கில் ஒரு இராணுவச் சார்ஜன்டுக்கு 2015இல் மரண தண்டனை கிடைத்தது, உயர் நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. சட்டத்தில் இருக்கிற ஆகப் பெரிய தண்டனை. ஆனால் 2020 மார்ச்சில் ஜனாதிபதி மன்னிப்பில் அவர் வீட்டுக்குப் போய்விட்டார். அந்தக் குடும்பங்களுக்கு மரண தண்டனைச் சட்டம் என்ன செய்து கொடுத்தது? தூக்கு என்று தீர்ப்பு எழுதினாலும் உள்ளே வைத்திருக்க மனமில்லாத நாட்டில், தூக்கு வேண்டும் என்று கத்துவதால் தப்புகிறவன் தப்பிக்கொண்டுதான் இருப்பான், செல்வாக்கும் காசும் இல்லாதவன் மட்டும் மிஞ்சுவான்.

அதே நேரம், மரண தண்டனைக்கு எதிராகப் பேசுகிறவர்கள் மறியலுக்கு மட்டும் போய்விட்டுக் கொல்லப்பட்டவரின் வீட்டுக்குப் போகாமல் இருந்தால் அது பாதி வேலைகூட இல்லை. அமெரிக்காவில் லூசியானாவில் சிஸ்டர் ஹெலன் ப்ரெஜான் 1982இல் ஒரு மரண தண்டனைக் கைதிக்குக் கடிதம் எழுதத் தொடங்கி, 1984 ஏப்ரலில் அவர் மின்கதிரையில் கொல்லப்படும் வரை கூட நின்றவர். கொல்லப்பட்ட பையனின் தகப்பன், அவரும் ஒரு கத்தோலிக்கர், “எங்களிடம் ஏன் நீங்கள் வரவே இல்லை” என்கிற மாதிரிக் கேட்டது தன்னை எப்படித் திருப்பிப் போட்டது என்று அந்த சிஸ்டரே பல இடங்களில் சொல்லியிருக்கிறார். அந்தத் தகப்பன் கேட்டதை எங்கள் ஊரில் எத்தனை வீடுகளில் கேட்கலாம் என்று யோசியுங்கள்.

அந்த வீட்டுக்குப் போனால் மன்னிப்பைப் பற்றி நீங்கள் கதை எடுக்கக் கூடாது. அவர்களே எடுத்தால் கேளுங்கள். எடுக்காவிட்டால் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, இறந்தவரைப் பற்றி அவர்கள் சொல்கிறதைக் கேட்டுவிட்டு, ஆண்டுத் திவசத்துக்குப் பூசை ஒப்புக்கொடுக்க வேண்டுமா என்று விசாரித்துவிட்டு வாருங்கள்.

வெலிக்கடை என்றாலே 1983தான் ஞாபகம் வருகிறது. அங்கே போய் நாங்கள் என்ன செய்ய?

வரத்தான் செய்யும். 1983 ஜூலை 25, 27 இரண்டு நாளும் சேர்த்து 53 தமிழ்க் கைதிகள் அங்கே கொல்லப்பட்டார்கள். அவர்களில் ரெலோ இயக்கத்துக் குட்டிமணியும் ஜெகனும் ஏற்கனவே மரண தண்டனை விதிக்கப்பட்டவர்கள், அவர்களைக் கொன்றது அலுகோசு இல்லை, உள்ளே இருந்த கும்பல். தப்பியவர்களை மட்டக்களப்புச் சிறைக்குக் கொண்டுவந்தார்கள், அவர்களில் கத்தோலிக்கக் குருமாரும் இருந்தார்கள். ஆகவே மறியலுக்குள் இருக்கிறவனின் உயிர் யார் பொறுப்பு என்ற கேள்வி எங்களுக்குப் புதிது இல்லை. இன்றைக்கும் கிழக்கிலிருந்து போன தமிழ், முஸ்லிம் கைதிகள் சிங்களம் மட்டும் கேட்கிற ஒரு இடத்தில்தான் வருடக்கணக்காக இருக்கிறார்கள். தமிழில் கதைக்க ஒரு ஆள் வருகிறார் என்பதே அவர்களுக்குப் பாதி ஆறுதல், செபம் எல்லாம் அதற்குப் பிறகு.

கைதி கத்தோலிக்கர் இல்லாவிட்டால்?

போங்கள். “சிறையில் இருந்தேன், என்னைத் தேடி வந்தீர்கள்” என்று மத்தேயு 25இல் இருக்கிறது, சிறையில் இருந்தவரின் ஞானஸ்நானச் சான்றிதழைப் பற்றி அங்கே ஒரு வரியும் இல்லை. ஆனால் கவனம். எங்கள் மாவட்டத்தில் மதம் மாற்ற வருகிறார்கள் என்ற சந்தேகம் எப்போதும் உண்டு, அதற்குக் காரணமே இல்லை என்றும் சொல்ல முடியாது. பயத்தில் இருக்கிற ஆளிடம் மதத்தை விற்பது கேவலமான வேலை. இந்துக் கைதி குருக்களைக் கேட்டால், முஸ்லிம் கைதி மௌலவியைக் கேட்டால், அதைச் சிறை நலன்புரி அலுவலரிடம் சொல்லி ஒழுங்கு செய்து கொடுப்பதும் உங்கள் பணிதான். தானாகவே ஒருவர் ஞானஸ்நானம் கேட்டால் அவசரப்படாமல் குருவிடம் விடுங்கள்.

தூக்குக்குப் போகிறவருக்கு அவஸ்தைப்பூசுதல் கொடுக்கலாமா?

பலர் ஆம் என்று நினைக்கிறார்கள். இல்லை. அந்தப் பூசுதல் நோயாலோ முதுமையாலோ உயிராபத்தில் இருக்கிறவருக்கானது. தூக்குக்குப் போகிறவர் நல்ல சுகதேகியாக இருக்கலாம், ஆகவே அவருக்கு அது இல்லை. அவருக்கு உரியது பாவசங்கீர்த்தனமும், வழியுணவாகக் கொடுக்கிற நற்கருணையும். எந்தக் காரணத்தால் மரண ஆபத்து வந்தாலும் வழியுணவு உண்டு என்பது திருச்சபைச் சட்டம். மரண ஆபத்தில் எந்தக் குருவும், பணியிலிருந்து விலக்கப்பட்ட குருகூட, பாவமன்னிப்புக் கொடுக்கலாம். மறியலிலேயே வயது போய் வருத்தம் வந்து கிடக்கிற கைதிக்குப் பூசுதல் தாராளமாக உண்டு, இங்கே உண்மையில் அடிக்கடி நடப்பதும் அதுதான், ஏனென்றால் தூக்குக்குத் தீர்ப்பானவர்கள் கட்டிலில்தான் சாகிறார்கள்.

இந்தப் பணிக்கு ஒரு புனிதரே இருக்கிறார். இத்தாலியின் டூரின் நகரத்துக் குரு ஜோசப் கஃபாசோ, ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களோடு தூக்குமரம் வரை நடந்து போனவர். அவர் இறந்த நாள், அதாவது அவருடைய திருநாள், ஜூன் 23. எங்கள் நாட்டின் கடைசித் தூக்கும் ஜூன் 23. தற்செயல்தான், ஆனால் அந்த நாளில் ஒரு பூசைக்கு உங்கள் பங்கில் கேட்டுப் பாருங்கள்.

பாவசங்கீர்த்தனத்தில் கொலையை ஒப்புக்கொண்டால் பாதர் வெளியே சொல்வாரா?

மாட்டார். சொல்லவே முடியாது. அந்த இரகசியத்தை நேரடியாக உடைக்கிற குரு அந்தக் கணமே திருச்சபைக்கு வெளியே போகிறார், அதை நீக்கும் அதிகாரம் ரோமுக்கு மட்டும்தான். ஆனால் ஒரு விஷயத்தைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்: உங்களைப் போல, என்னைப் போலப் பொதுநிலையாட்களிடம் கைதி சொல்கிறது பாவசங்கீர்த்தனம் இல்லை. மேன்முறையீடு ஓடிக்கொண்டிருக்கும்போது வழக்கு விபரத்தைத் தோண்டாதீர்கள். அவராகத் தொடங்கினாலும், “அதைப் பாதரிடமோ உங்கள் சட்டத்தரணியிடமோ சொல்லுங்கள் அண்ணன்” என்று நிறுத்துங்கள்.

முதல் தரம் போகிறேன். என்ன கதைப்பது?

ஊர்க் கதை. வாவியில் இறால் எப்படி, போகம் எப்படி, எந்தக் கோயில் கொடியேறிவிட்டது, ஆயித்தியமலை மாதா திருத்தலத்துக்கு இந்த முறை எவ்வளவு சனம். சிலர் பைபிளைத் திறந்துகொண்டே உள்ளே போகிறார்கள், தேவையில்லை. அவர் செபிக்கக் கேட்டால் 130ஆம் திருப்பாடல் நல்லது, “ஆண்டவரே! ஆழ்ந்த துயரத்தில் இருக்கும் நான் உம்மை நோக்கி மன்றாடுகிறேன்”, சின்னதும் கூட. சூசையப்பர் நல்மரணத்தின் பாதுகாவலர் என்பதால் அவருடைய செபத்தை விரும்பிக் கேட்கிறவர்களும் உண்டு. இயேசுவோடு சிலுவையில் அறையப்பட்ட நல்ல கள்வனின் கதையைச் சொல்லலாம், ஆனால் அதை ஒவ்வொரு முறையும் சொன்னால் “நீ கள்வன்” என்று சொல்கிற மாதிரி ஆகிவிடும்.

செய்யக் கூடாதது ஒன்று: “விடுதலை கிடைக்கும், பயப்படாதீர்கள்” என்று வாக்குக் கொடுப்பது. அதைவிட மோசம், அடுத்த மாதம் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகாமல் இருப்பது. முடியாவிட்டால் முதலிலேயே முடியாது என்று சொல்லிவிடுங்கள்.

போக வசதியில்லை. கடிதம் எழுதலாமா?

எழுதலாம். உலகம் முழுக்க சான் எஜிதியோ என்கிற கத்தோலிக்கப் பொதுநிலைச் சமூகத்தினர் மரண தண்டனைக் கைதிகளோடு கடித நட்பு வைப்பதைப் பெரிய பணியாகவே செய்கிறார்கள். இங்கே கடிதம் அதிகாரிகள் வாசித்த பிறகுதான் உள்ளே போகும், ஆகவே எளிமையாக, தெளிவான கையெழுத்தில், அரசியலும் வழக்கும் இல்லாமல் எழுதுங்கள். வீட்டு விலாசம் போட வேண்டாம், பங்கு விலாசம் போதும். பதில் வரச் சுணங்கும், சில நேரம் வரவே வராது, அதற்காக விட்டுவிடாதீர்கள்.

நத்தார், வெசாக் மன்னிப்பில் இவர்கள் வெளியே வரலாமா?

அந்த மன்னிப்புகள் பெரும்பாலும் தண்டப்பணம் கட்ட முடியாமல் இருக்கிறவர்களுக்கும் சின்னக் குற்றக்காரருக்கும்தான். மரண தண்டனைக்கு வேறு வழி. மேல் நீதிமன்றத் தீர்ப்பு வந்து 14 நாளுக்குள் மேன்முறையீடு போட வேண்டும், சிறை அத்தியட்சகர் மூலமாகவும் போடலாம். இதை முதலில் பாருங்கள், தீர்ப்புக் கேட்ட அதிர்ச்சியில் குடும்பங்கள் இருக்கும்போது இரண்டு வாரம் காற்றாய்ப் போய்விடும். சட்டத்தரணி பிடிக்கக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள். அரசியலமைப்பின் 34ஆம் உறுப்புரைப்படி ஜனாதிபதி தண்டனையைக் குறைக்கலாம், அதற்கு முன்னர் வழக்கை விசாரித்த நீதிபதியின் அறிக்கை, சட்டமா அதிபரின் ஆலோசனை, நீதி அமைச்சரின் சிபாரிசு மூன்றும் வர வேண்டும். ஆளைப் பிடித்து மன்னிப்பு வாங்கித் தருகிறேன் என்று காசு கேட்டு வருகிறவர்களை வாசலோடு அனுப்புங்கள்.

அப்படியென்றால் சாகும்வரை உள்ளேயே வைத்திருப்பதுதான் கருணையா?

பாப்பரசர் பிரான்சிஸ் 2020இல் எழுதிய சுற்றுமடலில் ஆயுள் தண்டனையையே மறைவான மரண தண்டனை என்கிறார். எனக்கு இதில் முழுத் தெளிவு இல்லை. சில ஆட்கள் வெளியே வரக் கூடாது என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் 25 வருடத்துக்குப் பிறகு இருக்கிற ஆள் குற்றம் செய்த அதே ஆளா என்று ஒரு சபை இருந்து பார்க்கவாவது வேண்டும். இப்போது குறைப்பும் மன்னிப்பும் ஜனாதிபதியின் மனநிலையைப் பொறுத்ததாக இருப்பதுதான் மிருசுவில் மாதிரிக் கூத்துகளுக்குக் காரணம்.

இதைப் பற்றிப் பேசினால் சொந்த பங்குச் சனமே ஏசுகிறது. எப்படித் தாக்குப்பிடிப்பது?

தனியாக நிற்காதீர்கள். இரண்டு மூன்று பேராவது சேர்ந்து மாதம் ஒரு தரம் செபமாலை, துக்கத் தேவ இரகசியங்கள், அதற்குப் பிறகு கொஞ்சம் கதை. தவக்காலச் சிலுவைப்பாதையில் முதல் நிலையே ஒரு மரணத் தீர்ப்புத்தான், உங்கள் பாதர் சம்மதித்தால் அந்த நிலையில் இந்தக் கருத்துக்காக ஒரு மன்றாட்டுச் சேருங்கள். ஒக்டோபர் 10 மரண தண்டனைக்கு எதிரான உலக நாள், நவம்பர் 30இல் பல நகரங்கள் இதற்காகவே விளக்கேற்றுகின்றன. 1786இல் தஸ்கனி மரண தண்டனையை ஒழித்த நாள் அது. ஆனால் விளக்கேற்றுவதைவிட முக்கியம், அலுத்துப் போனவரைக் கொஞ்ச நாளைக்கு விடுவது. மூன்று மாதம் போகாமல் இருங்கள், வேறு ஆள் போகட்டும். ஃபேஸ்புக்கில் உயிர்த்த ஞாயிறு வாரத்தில் இதை வைத்துச் சண்டை பிடிக்காதீர்கள், அந்த வாரம் இறந்தவர்களின் வீட்டாருக்கு உரியது.

கைதியின் குடும்பத்துக்கு என்ன செய்யலாம்?

இதை ஒருவரும் கேட்பதில்லை, நானே சேர்த்தேன். அக்கரைப்பற்றிலிருந்தோ வாகரையிலிருந்தோ ஒரு மனைவி வெலிக்கடைக்குப் போய்வர வேண்டும் என்றால் இரவு பஸ் அல்லது உதயதேவி ரயில், கொழும்பில் தங்க இடம், பிள்ளைகளைப் பார்க்க ஒரு ஆள், கூலிவேலை இரண்டு நாள் போச்சு. ஆகவே பலர் வருடத்துக்கு ஒரு தரம்கூடப் போவதில்லை, சனமோ “புருஷனைக் கைவிட்டுவிட்டாள்” என்கிறது. பங்கில் வின்சன்ட் டி போல் சபை இருந்தால் பிரயாணக் காசுக்கு அவர்களைக் கேளுங்கள். பிள்ளைகளின் பாடசாலையில் தகப்பனைப் பற்றி வாய் விடாதீர்கள். கொழும்பில் தங்க ஒரு கன்னியர் மடத்திலோ தெரிந்த வீட்டிலோ முன்கூட்டியே கேட்டு வையுங்கள், அடையாள அட்டையையும் உறவுமுறையைக் காட்டும் பத்திரங்களையும் எடுத்துப் போகச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அவ்வளவு தூரம் போய் வாசலோடு திரும்ப வேண்டி வரும்.